குறுகியகால நினைவுப் பிழைகள்

குறுகியகால நினைவுப் பிழைகள் என்பவை, சில நொடிகளுக்கு முன்னர் கண்ட அல்லது கேட்ட ஒன்றை மனத்தில் இருத்திப் பின்னர் மீட்கும்போது ஏற்படும் தவறுகள் ஆகும். தொலைபேசி எண்ணின் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அழுத்துவது, கடையில் வாங்கச் சொன்ன ஐந்து பொருட்களில் நடுவில் உள்ள ஒன்றை விட்டுவிடுவது, சொல்லப்படாத ஒரு சொல்லைச் சொல்லப்பட்டதாக உறுதியுடன் கூறுவது முதலியன இவற்றுள் அடங்கும். நலமான மூளை உடைய எல்லோருக்கும் இப்பிழைகள் ஏற்படுகின்றன.

இவை ஒழுங்கற்றவை போலத் தோன்றினாலும் சில விதிகளுக்கு உட்பட்டே நிகழ்கின்றன. வரிசையின் எந்த இடத்தில் பிழை மிகும், எது எதனுடன் குழம்பும் என்பவற்றைப் பெருமளவு முன்கூட்டியே கூறமுடியும். இதனால் மூளை தகவலை எவ்வாறு தாங்கி வைத்திருக்கிறது என்பதை அறிய உதவும் சான்றுகளாக உளவியலாளரும் நரம்பியலாளரும் இப்பிழைகளைப் பயன்படுத்துகின்றனர். வானூர்திப் போக்குவரத்து, மருத்துவம், கல்வி ஆகிய துறைகளில் சில நொடி மறதியே பெரும் விளைவுகளுக்குக் காரணமாகலாம் என்பதால், இவ்வாய்வுகளுக்கு நடைமுறை முக்கியத்துவமும் உண்டு.

குறுகியகால நினைவின் இயல்பு

குறுகியகால நினைவு என்பது சிறிதளவு தகவலைச் சில நொடிகள் முதல் ஏறத்தாழ அரை நிமிடம் வரை உடனடிப் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் திறன் ஆகும். அத்தகவலைக் கொண்டு கணக்கிடுதல், ஒப்பிடுதல் முதலிய வேலைகளையும் செய்யும்போது அது செயல்படு நினைவு எனப்படுகிறது.

இதன் முதன்மையான பண்பு அதன் சிறிய கொள்ளளவு ஆகும். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இக்கொள்ளளவு ஏழு அலகுகள், அதிலிருந்து இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று குறிப்பிட்டார். மனத்துக்குள் திரும்பச் சொல்லுதல், தொகுத்தல் போன்ற உதவிகளை நீக்கிப் பார்த்தால் உண்மையான அளவு ஏறத்தாழ நான்கு அலகுகளே என்று நெல்சன் கோவன் 2001 இல் வாதிட்டார்.

இங்கே அலகு என்பது பொருளுடைய ஒரு தொகுதியைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக 194720041969 என்னும் பன்னிரண்டு இலக்கங்களைத் தனித்தனியே நினைவில் வைப்பது கடினம். அவற்றை 1947, 2004, 1969 என மூன்று ஆண்டுகளாகப் பிரித்துக்கொண்டால், இந்திய விடுதலை, ஆழிப்பேரலை, நிலவில் மனிதன் இறங்கியமை ஆகிய மூன்று அலகுகளாக அவை எளிதில் அடங்கிவிடும். இவ்வாறு தொகுப்பதற்கு முன்னரே அறிந்த நெடுங்கால நினைவு தேவைப்படுகிறது. பிழைகள் பலவற்றின் தோற்றுவாயும் நெடுங்கால நினைவின் இந்தத் தலையீடே ஆகும்.

ஆய்வு வரலாறு

நினைவைச் சோதனை முறையில் முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர் செருமானிய உளவியலாளரான எர்மன் எபிங்காஸ் ஆவார். பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து பெற்ற முடிவுகளை அவர் 1885 இல் நூலாக வெளியிட்டார். 1887 இல் ஜோசப் ஜேக்கப்ஸ், ஒருமுறை கேட்ட எண்களை அதே வரிசையில் எத்தனை இலக்கங்கள் வரை பிழையின்றித் திரும்பக் கூறமுடியும் என்பதைப் பள்ளி மாணவரிடம் அளந்தார். இலக்க வீச்சுச் சோதனை எனப்படும் இம்முறை இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது.

1958 இல் இங்கிலாந்தில் ஜான் பிரவுனும், 1959 இல் அமெரிக்காவில் லாய்ட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் ஆகியோரும் நினைவு எவ்வளவு விரைவாக மறைகிறது என்பதை அளந்தனர். பீட்டர்சன் இணையரின் சோதனையில் பங்கேற்றோருக்கு மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட ஒரு தொகுதி சொல்லப்பட்டது. அதை மனத்துக்குள் திரும்பச் சொல்ல இயலாதவாறு, ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வருமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். 18 நொடிகளுக்குப் பின்னர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தொகுதிகளே சரியாக நினைவுகூரப்பட்டன.

1968 இல் ரிச்சர்ட் ஆட்கின்சன், ரிச்சர்ட் சிஃப்ரின் ஆகியோர் குறுகியகால நினைவையும் நெடுங்கால நினைவையும் தனித்தனிக் களஞ்சியங்களாகக் காட்டும் மாதிரியை முன்வைத்தனர். 1974 இல் ஆலன் பேட்லி, கிரகாம் இட்ச் ஆகியோர் இதனை மாற்றியமைத்தனர். அவர்களது செயல்படு நினைவு மாதிரியில், ஒலிகளைத் தாங்கும் ஒலிச் சுழல், காட்சிகளைத் தாங்கும் காட்சிப் பலகை, இவ்விரண்டையும் நெறிப்படுத்தும் மைய நிருவாகி ஆகிய மூன்று உறுப்புகள் இருந்தன. பல்வகைத் தகவல்களை ஒருங்கிணைக்கும் நான்காவது உறுப்பை பேட்லி 2000 ஆம் ஆண்டில் சேர்த்தார்.

பிழைகளின் வகைகள்

விடுபடுதல்

பட்டியலில் இருந்த ஒன்று முற்றாக நினைவுக்கு வராமல் போவது விடுபடுதல் ஆகும். இது எல்லா இடங்களிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. பட்டியலின் தொடக்கத்தில் உள்ளவை நன்கு நினைவில் நிற்பது முதன்மை விளைவு என்றும், இறுதியில் உள்ளவை நன்கு நினைவில் நிற்பது அண்மை விளைவு என்றும் அழைக்கப்படும். நடுப்பகுதியே பெரிதும் விடுபடுகிறது. 1966 இல் முரே கிளான்சர், அனிதா கூனிட்ஸ் ஆகியோர் பட்டியல் முடிந்தபின் பங்கேற்றோரை 30 நொடிகள் எண்ணச் செய்தனர். அப்போது அண்மை விளைவு மறைந்துவிட்டது. முதன்மை விளைவு அப்படியே நின்றது. இறுதிச் சொற்கள் குறுகியகால நினைவில் மட்டுமே தங்கியிருந்தன என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது.

வரிசையில் ஒரே உருப்படி இருமுறை வந்தால் இரண்டாவது முறை வந்ததை விட்டுவிடும் போக்கும் உண்டு. அங்கேரிய ஆய்வாளர் பால் ரான்சுபர்க் 1902 இல் விளக்கியதால் இது ரான்சுபர்க் விளைவு எனப்படுகிறது. 5, 8, 3, 9, 8, 2 என்னும் வரிசையில் இரண்டாவது 8 தவறிப்போவது இதற்கு எடுத்துக்காட்டு.

இடமாற்றம்

உருப்படிகள் எல்லாம் நினைவில் இருந்தும் அவற்றின் வரிசை மாறிவிடுவது இடமாற்றப் பிழை ஆகும். பெரும்பாலான இடமாற்றங்கள் அடுத்தடுத்துள்ள இரண்டுக்கிடையே நிகழ்கின்றன. தொலைவு கூடக் கூடப் பிழை குறைகிறது. எண்களை மூன்று மூன்றாகப் பிரித்துக் கூறும்போது வேறொரு வகைப் பிழை தோன்றுகிறது. ஒரு குழுவின் நடு இலக்கம் மற்றொரு குழுவின் நடு இலக்கத்துடன் மாறுகிறது. எனவே, மூளை "எது" என்பதையும் "எத்தனையாவது" என்பதையும் தனித்தனியே பதிகின்றது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அருகருகே உள்ள இடங்களின் குறிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், மீட்கும்போது தவறான உருப்படி அவ்விடத்துக்குத் தெரிவாகிவிடுகிறது.

ஒலிக் குழப்பம்

1964 இல் ஆர். கான்ராட், ஆங்கில எழுத்துகளைத் திரையில் காட்டி நினைவில் வைக்கச் சொன்னார். எழுத்துகள் கண்ணால் மட்டுமே பார்க்கப்பட்டன. ஆயினும் பிழைகள் வடிவ ஒற்றுமையைப் பின்பற்றாமல் ஒலி ஒற்றுமையைப் பின்பற்றின. 'பி', 'சி', 'டி', 'வி' ஆகியவை தமக்குள்ளும், 'எஃப்', 'எம்', 'என்', 'எஸ்', 'எக்ஸ்' ஆகியவை தமக்குள்ளும் குழம்பின. இரைச்சலுக்கு நடுவே இவ்வெழுத்துகளைக் கேட்போர் செய்யும் பிழைகளும் இதே அமைப்பைக் கொண்டிருந்தன. கண்ணால் கண்டதையும் மூளை உள்ளொலியாக மாற்றியே தாங்குகிறது என்பதை இது காட்டியது.

தமிழ்ச் சொற்களைக் கொண்டும் இதனை உணரலாம். கல், பல், நெல், சொல், வில் என்னும் ஐந்து சொற்களை ஒருமுறை கேட்டு வரிசைப்படி கூறுவதை விட, மலை, வீடு, பசு, ஏணி, நூல் என்னும் ஐந்தைக் கூறுவது எளிது. 1966 இல் பேட்லி நடத்திய சோதனைகளில், ஒலியால் ஒத்த சொற்கள் உடனடி நினைவைப் பெரிதும் குலைத்தன. பொருளால் ஒத்த சொற்கள் சிறிதளவே பாதித்தன.

சொல்லின் நீளமும் இதனுடன் தொடர்புடையது. ஒருவர் ஏறத்தாழ இரண்டு நொடிகளில் உச்சரிக்கக்கூடிய அளவு சொற்களே ஒலிச் சுழலில் நிலைக்கும் என்று பேட்லியும் உடன் ஆய்வாளரும் 1975 இல் கண்டனர். வேல்சு மொழி எண்பெயர்களை உச்சரிக்க ஆங்கில எண்பெயர்களை விடக் கூடிய நேரம் ஆகிறது. இருமொழியும் அறிந்தோர் வேல்சு மொழியில் குறைவான இலக்கங்களையே நினைவில் வைத்தனர் என 1980 இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது.

ஊடுருவல்

இப்போதைய பட்டியலில் இல்லாத, முந்திய பட்டியலில் இருந்த ஒன்று விடையில் புகுந்துவிடுவது ஊடுருவல் ஆகும். பெரும்பாலும் அது முந்திய பட்டியலில் இருந்த அதே இடத்திலேயே புகுகிறது. கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் பழையதையே தட்டச்சு செய்வது இதனை ஒத்தது. ஆயினும் அது நெடுங்கால நினைவின் பாற்பட்டது.

பொருள்சார் பொய்நினைவு

படுக்கை, ஓய்வு, கனவு, தலையணை போன்ற சொற்களைக் கேட்டவர், பட்டியலில் இல்லாத 'உறக்கம்' என்ற சொல்லையும் கேட்டதாகக் கூறுவர். 1959 இல் ஜேம்ஸ் டீஸ் இதனைக் கண்டறிந்தார். 1995 இல் என்றி ரோடிகர், கேத்லீன் மெக்டர்மட் ஆகியோர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். இது நெடுங்கால நினைவுக்கு மட்டும் உரியது என்று முன்னர் கருதப்பட்டது. 2008 இல் அலெக்சாண்டிரா அட்கின்சு, பட்ரீசியா ராய்ட்டர்-லோரன்சு ஆகியோர் நான்கு சொற்கள் மட்டுமே கொண்ட பட்டியலில், நான்கு நொடிகளுக்குள்ளேயே இத்தகைய பொய்நினைவு தோன்றுவதைக் காட்டினர்.

பிணைப்புப் பிழை

ஒரு பொருளின் நிறம், வடிவம், இடம் ஆகியவை மூளையின் வெவ்வேறு பகுதிகளில் பகுத்தறியப்படுகின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டும்போது தவறு நேரலாம். சிவப்பு வட்டத்தையும் பச்சைச் சதுரத்தையும் கண்டவர் பச்சை வட்டத்தைக் கண்டதாகக் கூறுவது பிணைப்புப் பிழை ஆகும். ஆன் டிரீசுமன், இலரி சிமித் ஆகியோர் 1982 இல் இத்தகைய பொய் இணைவுகளைக் காட்சியுணர்வில் விளக்கினர். 2009 இல் பால் பேய்சு, மசூத் உசைன் ஆகியோர் இடம்பெற்ற குழு இதனைக் குறுகியகால நினைவில் அளந்தது. நிறம் தவறாகக் கூறப்பட்டபோது, அத்தவறான நிறம் பல முறை அருகில் இருந்த மற்றொரு பொருளின் நிறமாகவே இருந்தது.

எதிர்பார்ப்பால் திரிதல்

2023 இல் மார்த்தே ஆட்டன், யாயிர் பின்டோ, அனில் சேத் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், நேரான எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பப்பட்ட எழுத்துகளும் கலந்து காட்டப்பட்டன. திருப்பப்பட்ட எழுத்துகள் இருக்கும் என்பது பங்கேற்றோருக்கு முன்னரே தெரியும். எனினும் திரும்பிய எழுத்தைக் கண்ட பலர், தாம் நேரான எழுத்தையே கண்டதாக மிகுந்த உறுதியுடன் கூறினர். நேரானதைத் திரும்பியதாகக் கூறிய பிழைகள் குறைவே. நேரம் செல்லச் செல்ல இப்பிழை கூடியது. ஆகவே இது பார்க்கும் கணத்தில் மட்டும் நேர்ந்த தவறாக இருக்கமுடியாது. நினைவில் இருக்கும்போதே அவ்வுருவம் பழகிய வடிவத்தை நோக்கித் திரிந்துள்ளது என அவர்கள் முடிவு செய்தனர்.

தேய்வா, இடையீடா?

நினைவு நேரம் செல்வதால் தானே தேய்கிறதா, அல்லது பிற தகவல்களின் இடையீட்டால் குலைகிறதா என்பது இத்துறையின் பழைய விவாதங்களுள் ஒன்று. பீட்டர்சன் இணையரின் முடிவு தேய்வுக் கொள்கைக்கு ஆதரவாகக் கருதப்பட்டது. ஆனால் 1962 இல் ஜெஃப்ரி கெப்பல், பென்டன் அண்டர்வுட் ஆகியோர் அச்சோதனையின் முதல் முயற்சியை மட்டும் தனியே ஆராய்ந்தனர். முதல் முயற்சியில் 18 நொடிகளுக்குப் பின்னரும் மறதி மிகக் குறைவாகவே இருந்தது. அடுத்தடுத்த முயற்சிகளிலேயே மறதி கூடியது. எனவே முன்னர் கற்றவை பின்னர் கற்றவற்றை மறைக்கின்றன என்று அவர்கள் கூறினர். இது முன்னோக்கு இடையீடு எனப்படும்.

1960களில் டெலாஸ் விக்கன்சு இதற்கு மேலும் வலுச் சேர்த்தார். எழுத்துகளைத் தொடர்ந்து கொடுத்துவந்து, நினைவு தளர்ந்த நிலையில் திடீரென எண்களைக் கொடுத்தால் நினைவு மீண்டும் மேம்பட்டது. 1965 இல் நான்சி வா, டொனால்ட் நார்மன் ஆகியோர் எண்களை விரைவாகவும் மெதுவாகவும் ஒலிக்கச் செய்து பார்த்தனர். கடந்த நேரத்தை விட, இடையில் வந்த எண்களின் எண்ணிக்கையே மறதியைப் பெரிதும் தீர்மானித்தது. இன்றைய ஆய்வாளருள் பலர் இடையீட்டுக்கே முதன்மை தருகின்றனர். நேரமும் தன் பங்குக்குப் பாதிக்கின்றது என்று வாதிடுவோரும் உளர்.

கொள்ளளவு பற்றியும் இதுபோன்ற விவாதம் உண்டு. நினைவு ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அறைகளைக் கொண்டது, அறை கிடைக்காத பொருள் முற்றிலும் மறக்கப்படும் என்பது ஒரு கொள்கை. 2008 இல் வெய்வெய் சாங், இசுட்டீவன் லக் ஆகியோர் இதற்குச் சான்று அளித்தனர். நினைவு ஒரு பங்கிடத்தக்க வளம், பொருட்கள் கூடக் கூட ஒவ்வொன்றின் துல்லியமும் குறைகிறது என்பது மற்றொரு கொள்கை. அதே ஆண்டில் பேய்சும் உசைனும் இதனை முன்வைத்தனர். முதற் கொள்கையின்படி பிழை என்பது வெறும் ஊகம். இரண்டாவதன்படி பிழை என்பது மங்கிய நினைவு.

மூளையில் பிழை தோன்றும் முறை

நரம்பணுக்களின் தொடர் இயக்கமும் நகர்வும்

நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணி குறுகியகால நினைவில் முக்கிய பங்கு வகிக்கிறது. 1971 இல் ஓக்கின் ஃபூசுட்டர், காரெட் அலெக்சாண்டர் ஆகியோர் ஓர் ஆய்விலும், கிசோ குபோட்டா, இரோவாக்கி நிக்கி ஆகியோர் மற்றோர் ஆய்விலும், குரங்குகள் ஒன்றை நினைவில் வைத்துக் காத்திருக்கும் இடைவேளை முழுவதும் இப்பகுதியின் சில நரம்பணுக்கள் தொடர்ந்து துடிப்பதைக் கண்டனர். 1989 இல் சிந்தாரோ புனகாசி, சார்லசு புரூசு, பட்ரீசியா கோல்ட்மன்-ராக்கிச் ஆகியோர் இதனை மேலும் தெளிவாக்கினர். திரையில் ஓரிடத்தில் ஒளிப்புள்ளி தோன்றி மறையும். குரங்கு சில நொடிகள் காத்திருந்து அவ்விடத்தை நோக்கிக் கண்ணைத் திருப்பவேண்டும். ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு குறிப்பிட்ட திசைக்குரிய நினைவின்போது மிகுதியாகத் துடித்தது. குரங்கு பிழை செய்த முயற்சிகளில் அத்துடிப்பு குன்றியிருந்தது.

அடுத்தடுத்த திசைகளுக்குரிய நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. தொலைவில் உள்ளவை ஒன்றையொன்று அடக்குகின்றன. இதனால் நினைவு என்பது அவ்வலையமைப்பில் ஒரு 'மேடு' போல நிலைக்கிறது. நரம்பணுக்களின் துடிப்பில் இயல்பாகவே ஒழுங்கின்மை இருப்பதால் அம்மேடு இடைவேளையில் சிறிது சிறிதாக இடமோ வலமோ நகரும். 2014 இல் கிளாசு விம்மர், ஆல்பர்ட் கொம்டே முதலியோர் குரங்குகளின் முன்நெற்றிப் புறணிப் பதிவுகளில் இந்நகர்வின் தடயங்களைக் கண்டனர். இடைவேளையின் இறுதியில் துடிப்பு எப்பக்கம் விலகியிருந்ததோ, குரங்கின் கண்ணும் அப்பக்கமே விலகியது. இங்கு நினைவு அழியவில்லை. இருந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது.

நரம்பிணைப்பில் தங்கும் நினைவு

தொடர்ந்த துடிப்பு இன்றியும் நினைவு தங்கமுடியும் என்று 2008 இல் ஜான்லூகி மொங்கிலோ, ஓம்ரி பராக், மிசா சோடிக்சு ஆகியோர் முன்வைத்தனர். நரம்பணு துடிக்கும்போது அதன் முனையில் கால்சியம் சேர்கிறது. அது நீங்கச் சிறிது நேரமாவதால், அதுவரை அந்த இணைப்பு வலுவாகவே இருக்கும். ஒரு தூண்டலால் அந்நினைவை மீண்டும் எழுப்பலாம். இம்முறை ஆற்றலைச் சேமிக்கிறது. ஆயினும் பழைய பணியின் சுவடு நரம்பிணைப்புகளில் எஞ்சிநின்று புதிய நினைவைத் தன்பக்கம் இழுக்கவும் கூடும்.

முந்திய அனுபவத்தின் இழுப்பு

2018 இல் அத்தேனா அக்ரமி, கார்லோசு புரோடி முதலியோர் எலிகளுக்கு இரண்டு ஒலிகளைச் சிறிது இடைவெளி விட்டு ஒலித்து, எது உரத்தது என ஒப்பிடப் பழக்கினர். எலிகளின் நினைவில் முதல் ஒலியின் அளவு, முன்னர் கேட்ட ஒலிகளின் சராசரியை நோக்கி நகர்ந்தது. பின் சுவர்ப்புறணி எனப்படும் மூளைப் பகுதியின் இயக்கத்தைத் தற்காலிகமாக அடக்கியபோது இச்சாய்வு குறைந்தது. எலிகளின் விடைகளும் மேம்பட்டன. ஒரு பகுதி செயலிழந்தபோது நினைவு திருந்தியது என்பதால் இம்முடிவு பலரது கவனத்தை ஈர்த்தது. மனிதரிடமும் இத்தகைய சாய்வு காணப்படுகிறது.

ஊடுருவலைத் தடுக்கும் பணியும் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சார்ந்துள்ளது. சற்று முன்னர் கண்ட, ஆனால் இப்போதைய பட்டியலில் இல்லாத எழுத்தை மறுக்கும்போது இடது கீழ் நெற்றிமடிப்பு கூடுதலாக இயங்குவதை 1998 இல் ஜான் ஜோனிடசு குழுவினர் கண்டறிந்தனர்.

கவனமும் வடிகட்டலும்

காட்சி நினைவில் பொருட்களின் எண்ணிக்கை கூடும்போது சுவர்மடலின் ஒரு பள்ளத்தில் இயக்கமும் கூடி, மூன்று அல்லது நான்கு பொருட்களுடன் அக்கூடுதல் நின்றுவிடுகிறது என்று 2004 இல் ஜே டாட், ரெனே மரோய் ஆகியோர் காட்டினர். 2005 இல் எட்வர்ட் வோகல் குழுவினர் மூளை மின்னலைகளை அளந்து, நினைவுக் கொள்ளளவு குறைந்தவர்கள் தேவையற்ற பொருட்களையும் நினைவில் ஏற்றிக்கொள்வதைக் கண்டனர். இதன்படி கொள்ளளவுக் குறைவு என்பது ஓரளவு வாயிற்காவலின் குறைபாடு ஆகும்.

வேதிப்பொருட்கள்

முன்நெற்றிப் புறணியில் டோப்பமைன் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் நினைவு தளர்கிறது. இடைப்பட்ட அளவிலேயே சிறப்பாகச் செயல்படுகிறது. கடும் மன அழுத்தத்தின்போது இப்பகுதியில் டோப்பமைனும் நோரெபினெப்ரினும் மிகுதியாக வெளிப்பட்டு நரம்பணுக்களின் தொடர் துடிப்பைக் குலைப்பதாக ஏமி ஆர்ன்சுடன் விளக்கியுள்ளார். தேர்வு மண்டபத்தில் பதற்றமடைந்த மாணவர், வினாவைப் படித்து முடிக்கும் முன் அதன் முற்பகுதியை மறந்துவிடுவதை இதனோடு தொடர்புபடுத்தலாம்.

மூளைக் காயமும் நோய்களும்

1957 இல் வில்லியம் இசுக்கோவில், பிரெண்டா மில்னர் ஆகியோர் விவரித்த எச்.எம். என்னும் நோயாளிக்கு, வலிப்பு நோய் அறுவையின்போது மூளையின் இரு பக்கங்களிலும் இப்போகாம்பசின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. அதன்பின் அவரால் புதிய நிகழ்வுகளை நீண்டநேரம் நினைவில் வைக்க முடியவில்லை. ஆயினும் கேட்ட இலக்கங்களை உடனே திரும்பக் கூறும் திறன் அவரிடம் குறையாமல் இருந்தது. இதற்கு நேர்மாறாக, எலிசபெத் வாரிங்டன், டிம் சாலிசு ஆகியோர் 1969, 1970 ஆம் ஆண்டுகளில் விவரித்த கே.எஃப். என்னும் நோயாளிக்கு இடது சுவர்மடலில் காயம் ஏற்பட்டிருந்தது. அவரால் ஓரிரு இலக்கங்களையே நம்பகமாகத் திரும்பக் கூற முடிந்தது. ஆனால் அவரது நெடுங்கால நினைவு நன்றாகவே இருந்தது. இரண்டு நினைவுகளும் வெவ்வேறானவை என்பதற்கு இவ்விரு நோயாளிகளும் முதன்மைச் சான்றுகள் ஆவர்.

பொதுவழக்கில் 'குறுகியகால நினைவு இழப்பு' என்ற தொடர் பெரும்பாலும் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. 2005 இல் வெளியான கஜினி திரைப்படத்தின் நாயகன் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை நடந்ததை மறப்பதாகக் காட்டப்பட்டதால் இத்தொடர் தமிழில் பரவலாயிற்று. பதினைந்து நிமிடங்கள் என்பது குறுகியகால நினைவின் எல்லையைப் பெரிதும் தாண்டியது. அத்திரைப்படம் காட்டுவது, புதிய நெடுங்கால நினைவுகளை உருவாக்க இயலாத பின்நிகழ்வு மறதியை ஒத்தது.

ஆல்சைமர் நோயில் பிணைப்புப் பிழைகள் கவனத்துக்குரியவை. கொலம்பியாவில் மரபுவழி ஆல்சைமர் நோய் உள்ள குடும்பங்களை மரியோ பாரா குழுவினர் ஆராய்ந்து 2010 இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய்க்குரிய மரபணு மாற்றம் இருந்தும் அறிகுறி தோன்றாதவர்களிடத்தும், நிறத்தையும் வடிவத்தையும் இணைத்து நினைவில் வைக்கும் திறன் குறைந்திருந்தது. எனினும் அறைக்குள் நுழைந்தபின் எதற்கு வந்தோம் என மறப்பது போன்ற தனிப் பிழைகள் மட்டும் நோயின் அறிகுறி ஆகா. பழகிய வேலைகளைச் செய்ய முடியாமை, பழகிய வழியைத் தவறவிடுதல் போன்றவை தொடரும்போதே மருத்துவரை அணுகுதல் தேவையாகிறது.

அன்றாட வாழ்வில் விளைவுகள்

முதன்மையான வேலை முடிந்ததும் எஞ்சிய சிறு செயலை மறப்பது நிறைவுக்குப் பிந்திய பிழை எனப்படும். தானியங்கிப் பணப் பொறியில் பணத்தை எடுத்துக்கொண்டு அட்டையை விட்டுச் செல்வது, நகலெடுத்தபின் மூலத்தாளைப் பொறியிலேயே விடுவது ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். 1997 இல் மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் ஆகியோர், செயல்படு நினைவின் சுமை கூடும்போது இப்பிழை மிகுவதைக் காட்டினர். இதனால் பல பொறிகள் அட்டையை முதலில் எடுத்த பின்னரே பணம் தருமாறு அமைக்கப்பட்டுள்ளன.

வானூர்திப் போக்குவரத்தில் கட்டுப்பாட்டாளர் கூறும் உயரம், திசை முதலியவற்றை விமானி அப்படியே திரும்பக் கூறவேண்டும் என்பது விதி. ஒலிக் குழப்பத்தைத் தவிர்க்க எழுத்துகளை 'ஆல்ஃபா', 'பிராவோ', 'சார்லி' என ஒன்றையொன்று ஒவ்வாத சொற்களால் குறிக்கும் முறை 1956 முதல் பன்னாட்டு வான்போக்குவரத்தில் நடைமுறையில் உள்ளது. மருத்துவமனைகளிலும் வாய்மொழியாகக் கூறப்படும் மருந்தின் பெயரையும் அளவையும் செவிலியர் திரும்பக் கூறி உறுதிசெய்வது வலியுறுத்தப்படுகிறது. மருந்து வழங்கும்போது செவிலியருக்கு ஏற்படும் குறுக்கீடுகள் கூடக் கூடப் பிழைகளும் கூடுவதை ஆசுத்திரேலியாவில் ஜோகன்னா வெசுட்புரூக் குழுவினர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

பள்ளியில், செயல்படு நினைவு குறைந்த பிள்ளைகள் பல படிகள் கொண்ட அறிவுறுத்தலை நடுவில் தவறவிடுகின்றனர். சூசன் கேதர்கோல் முதலியோரின் ஆய்வுகளின்படி இப்பிள்ளைகள் கவனமற்றவர்களாகவோ சொல் கேளாதவர்களாகவோ ஆசிரியரால் கருதப்படுகின்றனர். உண்மையில் கேட்டது அவர்கள் மனத்தில் நிற்கும் முன்னரே நழுவிவிடுகிறது. அறிவுறுத்தலைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கூறுவதும், கரும்பலகையில் எழுதி வைப்பதும் இவர்களுக்குப் பெரிதும் உதவும்.

பிழைகளைக் குறைத்தல்

தொகுத்தல், மனத்துக்குள் திரும்பச் சொல்லுதல், குறித்து வைத்தல், குறுக்கீடுகளைத் தவிர்த்தல் ஆகியவை பயன்தரும் வழிகள் ஆகும். பொருள் தெரியாத பின்னணிப் பேச்சும் வரிசை நினைவைக் குலைப்பதால், அமைதியான இடம் உதவும். கே. ஆண்டர்சு எரிக்சன், வில்லியம் சேசு ஆகியோர் 1980 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கல்லூரி மாணவர் 200 மணி நேரத்துக்கும் மேலான பயிற்சியால் 7 இலக்கங்களிலிருந்து 79 இலக்கங்கள் வரை நினைவில் வைக்கக் கற்றார். ஓட்டப் போட்டி வீரரான அவர் இலக்கங்களை ஓட்ட நேரங்களாகத் தொகுத்துக்கொண்டார். ஆனால் எழுத்துகளைக் கொடுத்தபோது ஆறளவிலேயே அவரது நினைவு நின்றது. அவரது உத்தி வளர்ந்ததே தவிர, கொள்ளளவு வளரவில்லை. கணினி வழி நினைவுப் பயிற்சிகளும் பயின்ற பணியையே பெரிதும் மேம்படுத்துகின்றன. பிற திறன்களுக்கு அம்மேம்பாடு பரவுவது குறைவு என்று 2013 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு தெரிவித்தது.

பிழைகளின் பயன்

உலகில் பொருட்கள் பெரும்பாலும் சட்டென மாறுவதில்லை. எழுத்துகள் பெரும்பாலும் நேராகவே எழுதப்படுகின்றன. மங்கிய நினைவைப் பழகிய வடிவத்தால் நிரப்பும் மூளை பெரும்பாலான வேளைகளில் சரியான விடையையே அடைகிறது. வழக்கத்துக்கு மாறான ஒன்று எதிர்ப்படும்போது அதே முறை பிழையாக வெளிப்படுகிறது. நேரில் கண்ட ஒருவர், கண்ட சில நொடிகளுக்குள்ளேயே மாறுபட்ட ஒன்றை உறுதியுடன் நம்பமுடியும் என்பதால், ஒருவரது உறுதி அவரது நினைவின் சரிநிலைக்குப் போதிய சான்று ஆகாது.

இவற்றையும் பார்க்க

- நினைவு
- மறதி
- கவனம்
- முன்நெற்றிப் புறணி
- நரம்பணு
- டோப்பமைன்
- ஆல்சைமர் நோய்
- அறிதிறன் உளவியல்